யாரும் கேட்காத கூட்டுத்தொகை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "ஜல்தியா முடிஞ்சிடுச்சுன்னு குதிச்சேன்க்கா. பாத்தா, வேலையே நடக்கல."

எந்த வேலை? கொத்தனார் பூசிய சுவரா, கொழுந்தனார் பார்த்த மாப்பிள்ளையா? தெரியாது. விக்கிரவாண்டி வருவதற்குள் அது ஒரு பிரவுசர் சோதனை என்று நானே முடிவு செய்துவிட்டேன். கொத்தனார் கதைகள் எனக்குச் சலித்துவிட்டன.

2

முதல் தொடக்கம்: 2011ஆம் ஆண்டின் ஒரு மழைநாளில் தையல்நாயகி ஜன்னலோரம் [அடித்துவிட்டேன். மழை பெய்யாமல் எனக்குக் கதை தொடங்காதா?]

இரண்டாம் தொடக்கம்: அவள் மனத்தின் அடியாழத்தில் ஏதோ ஒன்று [என்ன ஒன்று என்று எனக்கே தெரியவில்லை. அடித்தாயிற்று.]

மூன்றாவது: தையல்நாயகி சந்தோஷமாக இருந்தாள்.

இது நிற்கட்டும். அவள் திண்டிவனத்துக்காரி. தினமும் விழுப்புரத்துக்கு வருவாள். அங்கே டைல்ஸ் கடை மாடியில், வெளிநாட்டில் உருவாகும் ஒரு பிரவுசரைச் சோதித்துச் சொல்லும் சின்ன அலுவலகம். இணையப் பக்கங்களில் வரும் கட்டளைகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் பகுதிக்குக் கம்பைலர் என்று பெயர். புதிய கம்பைலர் வந்திருந்தது. பழையதைவிட இது எத்தனை மடங்கு வேகம் என்று சொல்ல வேண்டும்.

கோடிக்கணக்கான எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டும் ஒரு கணக்கை அவளே எழுதி இரண்டிலும் ஓட்டினாள். பழையது எட்டு நொடி எடுத்தது. புதியது, அவள் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிட்டது.

"நாப்பது மடங்கும்மா!" என்றார் முதலாளி ராஜசேகர். "இந்தத் தடவ ரிப்போர்ட்டு உன் பேர்லயே போவட்டும்."

இதற்காகத்தான் அந்தச் சந்தோஷம். சேர்ந்த நாளிலிருந்து எல்லா அறிக்கைகளையும் அவள்தான் எழுதினாள். எல்லாம் அவர் பெயரில் போயின. அவர் பக்கத்தின் தலைப்பில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். ஒருமுறை அறிக்கையின் நடுவே, 'இதைப் படிப்பவருக்கு ஒரு படி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இலவசம்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தாள். அவரும் கேட்கவில்லை, கடல் கடந்தும் யாரும் கேட்கவில்லை.

3

[இந்த இடத்தில் அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். பெயர் முத்து. நல்லவன். இரண்டு பக்கங்கள் டீ குடித்துக்கொண்டே "என்னா கொழம்பு?" என்று கேட்டான். அவனை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். கதையில் ஒரு வரிகூட ஆடவில்லை. அவன் எங்கே என்று தையல்நாயகியும் கேட்கவில்லை. எடுத்தது எடுத்ததுதான்.*]

* முத்து என்ற பெயருள்ள வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

4

பக்கத்து நாற்காலி பல்கீஸ் பீவியுடையது. கோட்டக்குப்பத்துக்காரி, வயதில் மூத்தவள். கணவர் துபாயில் இருந்தார்.

"என்னாடி தையலு, அம்மாம் நம்பரக் கூட்டிச்சே, கடைசில எவ்ளோ வந்துச்சு?"

"எது வந்துச்சுக்கா?"

"கூட்டுனதுடி. கூட்டுச்சில்ல?"

"அது தெரியலக்கா. நான் நேரத்த மட்டுந்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"எங்க வூட்டுக்காரரு கணக்காத்தான் இருக்க நீ. துபாய்லேர்ந்து போன் போட்டு 'சாப்ட்டியா?'ம்பாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கட் பண்ணிடுவாரு. கேட்டுட்டாராம்!"

தையல்நாயகி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். கணக்கின் கடைசியில் 'விடையைத் திரையில் காட்டு' என்று ஒரு வரி சேர்த்து மறுபடியும் ஓட்டினாள். புதிய கம்பைலர் ஏழு நொடி எடுத்துக்கொண்டது.

நடந்தது இதுதான். கம்பைலர் அவள் எழுதியதை முழுதாகப் படித்திருக்கிறது. அந்த விடையை யாரும், எங்கும், எதற்கும் கேட்கப் போவதில்லை என்று கண்டுகொண்டது. பிறகு எதற்குக் கூட்ட வேண்டும்? கணக்கையே விட்டுவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது என்று முதலில் எழுதினேன். இல்லை, பொறாமைதான் வந்தது. யாரும் கேட்காத வேலையை ஒரே பார்வையில் கண்டுபிடித்துக் கைவிட அதற்குத் தெரிந்திருக்கிறது. அவளோ யாரும் படிக்காத பக்கங்களில் கமா சரியாக இருக்கிறதா என்று இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

"சார், நாப்பது மடங்கு இல்ல. எட்டுல ஒரு பங்கு நேரந்தான் கொறைஞ்சிருக்கு."

"காலையில நாப்பதுன்னு காட்டுனியேம்மா?"

"அப்ப அது கூட்டவே இல்ல சார். வெடையக் காட்டச் சொன்னதுக்கப்பறந்தான் கூட்டுச்சு."

"அப்ப காட்டச் சொல்லாத."

"சார்!"

"என்னைப் பேஜாரு பண்ணாதம்மா. முடிச்சிதா? முடிச்சிது. நாப்பதுன்னா உன் பேர்ல போவட்டும். எட்டுல ஒண்ணுன்னா எப்பவும்போல என் பேரப் போட்டு அனுப்பிடு. அத எவன் படிக்கப்போறான்?"

அனந்தபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

6

அறிக்கையைச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) நாற்பது என்று அனுப்புகிறாள். அவள் பெயர் முதல்முறையாகக் கடல் கடக்கிறது. அங்கே ஒருவன் அதே கணக்கை ஓட்டி, விடையையும் கேட்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர்கள் மறக்கவே [வேண்டாம். பாவம்.]

ஆ) உண்மையை எழுதி ராஜசேகர் பெயரில் அனுப்புகிறாள். மனச்சாட்சி நிம்மதியாகத் தூங்குகிறது. [வாசகரும்.]

இரண்டில் எதைக் கொடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது தையல்நாயகி தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டாள். 'நாற்பது மடங்கு போலத் தெரியும். நம்ப வேண்டாம். காரணம் கீழே.' எட்டு, ஏழு என்ற இரண்டு எண்களையும் போட்டாள். கூட்டுத்தொகையை அத்தனை இலக்கங்களோடும் போட்டாள். கடைசியில் தன் பெயரைச் சுருக்காமல் முழுதாகப் போட்டாள்.

பல்கீஸ் எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, உன் பேரா? சாரு வந்து கத்தப்போறாருடி."

"கத்தட்டும்க்கா. படிச்சாத்தான கத்த முடியும்?"

அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடினாள். இந்த முடிவு என்னிடம் இல்லாதது.

7

மறுநாள் பதில் வந்திருந்தது. முதல் வரியில் அவள் பெயர் இருந்தது, ஓர் எழுத்து குறைந்து. இரண்டாம் வரி:

[இரண்டாம் வரியை நான் இன்னும் எழுதவில்லை. இதற்கு மேல் ஒருவரும் கேட்கப் போவதில்லை என்றால் எழுதாமலே கதை முடிந்தது என்று சொல்லிவிடுவேன். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வேகமான கதை என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் தையல்நாயகி முதல் வரியைப் படித்து முடித்துவிட்டு, மவுஸில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். யாராவது கேளுங்களேன்.]