டிஸ்ப்ளே ஒட்டும் பசை

பள்ளி வேன் வரும் நேரம். ஒரு கையில் சீப்பும் மறு கையில் ரிப்பனுமாக அம்மா கத்திக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் தலையைக் கொடுக்காமல் சுவரோரமாக நழுவினாள்.

"இன்னைக்கு நானே பின்னிக்கிறேம்மா."

"நீ பின்னிக் கிழிச்சே! லாண்டரிக்கு லேட்டாப் போனா முதலாளி என்னைக் கடிச்சுத் துப்பிடுவாரு. வாடி இப்படி!"

இழுத்து உட்காரவைத்து வாரினாள். வழக்கமாக விடைத்துக்கொண்டு நிற்கும் காதுகள் இரண்டும் இன்று மண்டையோடு அப்பிக் கிடந்தன. என்னவென்று புரியாமல் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள். மகள் அலறிய அலறலில் சீப்பு கீழே விழுந்தது. காதுக்குப் பின்னால் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்தது.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"ஒட்டினேன். மாமா கடைப் பசை."

கீழ்த்தளத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அம்மாவின் தம்பிதான் அந்த மாமா. புது டிஸ்ப்ளேயின் ஓரத்தில் பசை தடவிப் பொருத்தி, காயும்வரை கிளிப் மாட்டிவைப்பான். "ஒரு ராத்திரி இருந்தாப் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் பெயராது" என்று வந்தவர்களிடம் பெருமையடிப்பான். பள்ளி விட்டதும் கடையில் வந்து உட்காரும் மருமகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின இரவு அதே பசையைத் தடவி, தலைமுடி கிளிப்புகளால் காதை இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஏன் செய்தாள்? மாமா அவளுக்கு வைத்த பெயர் 'டவர்'. "டவர் பக்கத்துல நின்னு பேசுங்க சார், சிக்னல் பிச்சுக்கும்" என்பான். கடைக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேனில் கூட வரும் பிள்ளைகளும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குப் பொழுதுபோக்கு, பிள்ளைக்கு நரகம். ஏனென்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

மருத்துவமனையில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் காதுகளைப் பிரித்தெடுத்தார்கள். கட்டுப் போட்டபின் டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார்.

"முதல்ல புண்ணு ஆறட்டும். இந்த மாதிரிக் காதுக்கு ஆபரேஷன் இருக்கு. பின்பக்கம் கீறி, குருத்தெலும்பை மடக்கித் தையல் போடுவோம். ஆனா காது நல்லாக் கேக்குது, அதனால அவசரம் ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு வேணும்னா மட்டும் பண்ணலாம்."

அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான் மாமா. பதறித்தான் வந்தான். ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"என்ன டவர், சிக்னல் கட்டாயிடுச்சா?"

"வாயை மூடுடா!" அம்மா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "உன்னாலதான்டா என் பொண்ணு காது பிஞ்சு கிடக்கு!"

"விளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போய் ஏன்க்கா..."

மகள் தலை நிமிரவில்லை. "மாமா சொல்றப்போ நீயும் சிரிப்பியேம்மா" என்றாள்.

பொய்யில்லையே! தம்பி முகம் வாடக்கூடாதென்று அம்மா சிரித்தாள், அக்கம்பக்கம் சிரிக்கிறதே என்று சிரித்தாள். மகளின் முகம் வாடியதை ஒரு நாளாவது பார்த்தாளா? பெற்றவளே பல்லைக் காட்டினால் அந்தப் பிள்ளை வேறு யாரிடம் போய் அழும்?

"உனக்கு ஆபரேஷன் வேணுமாடா?" டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

"பண்ணிக்கிட்டா யாரும் சிரிக்க மாட்டாங்களா?"

"காதை என்னால சரிபண்ண முடியும். சிரிக்கிறவங்களுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாதும்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளா யோசிச்சு வேணும்னு சொன்னாக் கூட்டிட்டு வரேன் டாக்டர். அவ காது, அவ இஷ்டம். ஆனா அதுக்கு முன்னாடி தையல் போட வேண்டியது எங்க வாய்க்குத்தான்."

தம்பியின் பக்கம் திரும்பினாள். "பிள்ளையோட உடம்பைக் காட்டிச் சிரிக்கிறது விளையாட்டு இல்லடா, கொடுமை. கூடச் சேர்ந்து சிரிச்ச நானும் அந்தக் கொடுமையைச் செஞ்சவதான். இனிமே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு. முடியலேன்னா, கூப்பிடவே கூப்பிடாதே!"