எட்டு வீட்டுத் துணி நாப்கின்

குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவனுக்குப் பதினாறு வருட வேலை. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி என்று கை தானாகவே பிரித்துப் போடும். செய்தித்தாளில் சுருட்டிய நாப்கின்கள் வந்தால் மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வான். கையுறை கிழிந்த நாட்களில், நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பாட்டில் கை வைக்க மனம் வராது. மனைவி ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்பூனை எடுத்து நீட்டுவாள்.

அவள் தையல்காரி. வாய் ஓயாதவள். நம் வீட்டு ரேடியோவுக்கு சுவிட்சே கிடையாது என்று அவன் கிண்டல் செய்வான். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மாடிவீட்டு டீச்சர் வாசலில் வந்து நின்று, அக்கா தனக்காகத் தைத்து வைத்த துணி இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். என்ன துணி என்று விளங்காமல் மெஷினுக்கு அடியில் தேடினான். ஒரு பையில், அடுக்கடுக்காகப் பருத்தித் துணி வைத்து, ஓரத்தில் பட்டன் தைத்து, மடித்த ஆறு நாப்கின்கள். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறவை.

டீச்சர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது: இதற்கு மாறச் சொல்லி மூன்று வருடமாக அவன் மனைவி தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். சிலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டது எட்டு வீடு.

"பூமிக்கு நல்லதுன்னாங்க. நான் பிடி கொடுக்கல," என்றாள் டீச்சர். "அப்புறம், 'நீங்க தூக்கிப் போடுறதை என் வீட்டுக்காரர்தான் கையால எடுக்கிறார்'னு சொன்னாங்க. அதைக் கேட்டதும், சரி, எனக்கும் தைச்சுக் குடுங்கன்னுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"உங்க கஷ்டம் தனக்குத் தெரியாதுன்னே நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்னாங்க."

அவன் பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் கொட்டகைக்குத் தன் தெரு மூட்டை வந்ததும் தானே இழுத்துப் பிரித்தான். சுருட்டிய பொட்டலங்கள் எப்போதும்போல் குவியலாக விழுந்தன. இருநூறு வீட்டுக்கு நடுவே எட்டு வீடு எந்த மூலைக்கு? பொட்டலம் குறைந்ததாக அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவளுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் தைத்திருக்கிறாள்.

கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்தான். இத்தனை நாள் வராத அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் வேலை செய்தவள் அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் குவியலையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுப் பிரிக்கத் தொடங்கினாள்.