மாதம் மாறும் வெள்ளிக் காசு

டெஸ்மண்டும் லோர்னாவும் விவாகரத்தில் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள், நாயைப் பேசி முடித்தார்கள். ஒரு வெள்ளிக் காசில்தான் வழக்கு நின்றது. 1804இல் இங்கிலாந்து வங்கி, ஸ்பெயின் காசுகளின்மேல் நம் ஜார்ஜ் ராஜாவின் தலையை அச்சடித்து வெளியிட்ட டாலர் அது. அவர்களுடையதில் ஜார்ஜுக்கு அடியில் ஸ்பெயின் ராஜாவின் பெயர் பாதி தெரியும். அந்தப் பாதிப் பெயருக்குத்தான் பழங்காசு சேர்க்கும் எங்கள் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். நீதிபதி சலித்துப்போய், ஆளுக்கு ஒரு மாதம் என்று தீர்ப்புச் சொன்னார்.

கைமாற்றும் இடம் என் மேசை. டெர்பியில் மாதத்தின் முதல் ஞாயிறு நாணயச் சந்தை. நான் அங்கே பழைய காசு விற்கிறவன்.

"துணியால தேச்சியா?" என்று லோர்னா லென்ஸை எடுப்பார்.

"விளிம்பைத் தவிர எங்கயும் தொடல. உன்னை மாதிரி பவுடர் கையோட பிடிக்கிற ஆளா நான்?"

"ஆமா, பெரிய மியூசியம் இவரு."

பிறகு தேநீரும் பேக்கன் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, கூடத்தைப் பூட்டும்வரை என் முன்னாலேயே உட்கார்ந்து மல்லுக்கு நிற்பார்கள். அவர்களைத் தாண்டி ஒரு வாடிக்கையாளர் என்னிடம் வர முடியாது. எனக்குப் பொறுமை போயிற்று. அலைந்து திரிந்து அதேபோல் இன்னொன்றைப் பிடித்தேன். இதில் ஸ்பெயின் ராஜாவின் பெயர் முழுசாகவே தெரிந்தது.

"வாங்கின விலைக்கே தரேன். ஆளுக்கு ஒண்ணு. இனிமே ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கவே வேண்டாம்" என்றேன்.

டெஸ்மண்ட் குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

"போலி" என்றார்.

"என்னது?"

"அச்சுல அடிச்சதே இல்ல, உருக்கி ஊத்தின வார்ப்புக் காசு, நோரிஸ். பாத்தாலே தெரியுது. லோர்னா, நீ பாரு."

லோர்னா லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். "சுத்த ஈயம்" என்றார்.

எனக்குத் தலைக்கேறியது. என் வாழ்நாளில் போலி விற்றதில்லை. எடை போட்டுக் காட்டி இருவர் மானத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம் என்று தராசில் கை வைத்தேன். அப்போதுதான் டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தேன். மனிதர் பயந்துபோயிருந்தார். தராசிலிருந்து கையை எடுத்தேன்.

"ஆமா, போலிதான். ஏமாந்துட்டேன்" என்றேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க.

டெஸ்மண்ட் தேநீர் வாங்க எழுந்து போனார். லோர்னா காசை என் பக்கம் தள்ளினார்.

"அருமையான காசு, நோரிஸ். பாவம், அந்த மனுஷனுக்குக் கண்ணு மங்கிடுச்சு போல, தெரியல. சீக்கிரம் யாருக்காவது வித்துடுங்க. மறுபடி பாத்துடப் போறாரு."