யார் மேசை தாழ்ந்தது?

எங்கள் பட்டறையில் ஓர் இழைப்பு மெஷின் இருக்கிறது. அதற்கு இரண்டு இரும்பு மேசைகள், நடுவே கத்தி சுழலும் உருளை. பலகையை முன் மேசையில் வைத்துத் தள்ளினால் கத்தி அதன் ஓரத்தைச் சீவும். சீவிய ஓரம் பின் மேசையில் போய் உட்காரும். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு ஆண்களை உங்களுக்குத் தெரியாது.

மெஷினை என் அண்ணனும் என் கணவரும் கூட்டாக வாங்கினார்கள். நீளப் பலகை என்றால் தள்ள ஓர் ஆள் வேண்டும், அந்தப் பக்கம் வாங்க ஓர் ஆள் வேண்டும். அண்ணன் முன் மேசைப் பக்கம் நின்றார், இவர் பின் மேசைப் பக்கம் நின்றார். நின்ற இடமே நாளடைவில் சொத்தாகிவிட்டது. அண்ணன் தன் மேசையைத் தன் துணியால்தான் துடைப்பார். தப்பித் தவறி அவர் டீ கிளாஸ் பின் மேசைக்கு வந்துவிட்டால், இவர் அதை எடுத்துத் தரையில் வைப்பார்.

நான் பசை பூசுகிறவள். சீவி வருகிற பலகைகளின் ஓரத்தில் பசை தடவி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்குவது என் வேலை. பதினோரு வருஷமாக அதைச் செய்கிறேன். மெஷினைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. மெஷினோடு வந்த கையேட்டை மட்டும் தொடலாம், ஏனென்றால் அதை வேறு யாரும் தொடவில்லை. மூன்று முறை படித்திருக்கிறேன்.

கையேடு சொல்வது இதுதான். பின் மேசை கத்தியின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். முன் மேசை அதைவிட ஒரு தபால் அட்டையின் கனம் தாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு சீவும். மற்றபடி இரண்டும் எந்த முனையும் தூக்காமல், தொங்காமல், ஒரே போக்கில் படுத்திருக்க வேண்டும்.

அப்படித்தான் இருந்தது, மரக்கடைக்காரர் வந்து வாயைத் திறக்கும் வரைக்கும். மரம் இறக்க வந்த மனுஷன் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். மெஷினைக் குனிந்து பார்த்துவிட்டு அண்ணனிடம், "என்னங்க, உங்க மேசை இறங்கியிருக்கு, மாப்பிள்ளை மேசை ஏறியிருக்கு?" என்று சிரித்தார்.

அண்ணனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஒரு பழைய டின்னை வெட்டி, தன் மேசையின் வெளி முனைக்கு அடியில் ஒரு தகட்டைச் சொருகினார். வாசலிலிருந்து பார்த்தால் இப்போது அவர் மேசைதான் நிமிர்ந்து நின்றது. இவர் பார்த்தார். மாப்பிள்ளை முறுக்கு கல்யாணத்தோடு போய்விடும் என்பார்கள், இவருக்குப் பத்தொன்பது வருஷமாகியும் போகவில்லை. தன் மேசையின் வெளி முனைக்கு இரண்டு தகடு சொருகினார்.

அவர் ஒன்று வைத்தால் இவர் இரண்டு, அவர் மூன்றாக்கினால் இவர் நான்கு. மூன்று மாதத்தில் இரண்டு மேசைகளும் வெளி முனைகளில் தூக்கிக்கொண்டு, நடுவில் பள்ளமாகிவிட்டன. அதில் ஓடி வந்த பலகைகளுக்கு நடுவில் தொப்பை விழுந்தது. இரண்டு பலகைகளைச் சேர்த்து நிறுத்தினால் தொப்பையும் தொப்பையும் முட்டும், இரண்டு முனைகளிலும் வெளிச்சம் தெரியும். நான் கிளாம்ப் போட்டு என் பலமெல்லாம் திரட்டி முனைகளை நெருக்குவேன். மரம் சும்மா இருக்குமா? ஒரு வக்கீல் வீட்டு மேசை இரண்டே வாரத்தில் முனையில் பிளந்து திரும்பி வந்தது.

அண்ணனும் இவரும் பிளவைப் பார்த்தார்கள். "பசை சரியில்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"பசையில ஒண்ணும் இல்லண்ணா. மேசை ரெண்டும் கோணலா நிக்குது" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் என் கணவர்.

"இன்னொரு தடவை ஒட்டு விட்டுச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கலாம் பாப்பா. நீ வீட்டுல ரெஸ்ட் எடு" என்றார் அண்ணன், பெரிய மனசோடு. எனக்கு நாற்பத்து மூன்று வயது. காலையில் எழுந்து போக எனக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பட்டறைதான்.

அந்த வாரம்தான் நூலகத்து அம்மா வந்தார். படிக்கிறவர்கள் உட்கார பன்னிரண்டு அடி மேசை ஒன்று வேண்டும், நன்றாக வந்தால் இன்னும் ஆறு என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் மெஷினின் இரண்டு மேசைகளிலும் இருந்த பள்ளத்தைப் பார்த்தேன். ஐந்தடிப் பலகைக்கே அந்தத் தொப்பை. பன்னிரண்டு அடிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நூலக மேசை பிளக்கும், பழி பசைக்கு வரும், நான் ரெஸ்ட் எடுப்பேன்.

பெரிய ஆர்டர் என்றதும் தகடுகளை எடுத்துவிடலாம் என்று இருவருக்குமே தோன்றியது, முதலில் எடுக்கத்தான் மனசில்லை. யார் முதலில் தகட்டை எடுப்பது என்ற வழக்கைத் தீர்க்க இருவரும் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். ஒரே ஸ்கூட்டரில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு போனார்கள்.

நான் பட்டறையைத் திறந்தேன். மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூசைப் பிடுங்கினேன். தகடுகளை உருவினேன். அண்ணன் பக்கம் ஐந்து, இவர் பக்கம் ஆறு. முன் மேசையைப் பின் மேசையின் உயரத்துக்கு ஏற்றி, ஆறடி நேர்க் கம்பியை இரண்டின் மேலும் படுக்க வைத்து, பின்னால் டார்ச்சைப் பிடித்தேன். தகடுகளை எடுத்த பிறகும் அண்ணன் மேசையின் வெளி முனை கொஞ்சம் தொங்கியது, கம்பிக்கு அடியில் அங்கே வெளிச்சம் கசிந்தது. கனம் பார்த்து ஒரு பித்தளைத் துண்டை வைத்தேன். கூடிவிட்டது. எடுத்து, அதைவிட மெல்லியதை வைத்தேன். போல்ட்டை இறுக்கினால் மேசை நகர்ந்துவிடுகிறது, தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கம்பிக்கு அடியில் வெளிச்சமே இல்லை.

பிறகு ஒரு மரச்சட்டத்தைப் பின் மேசையில் வைத்து, உருளையைக் கையால் சுற்றி, கத்தி சட்டத்தை லேசாக உரசும்படி அந்த மேசையை வைத்தேன். முன் மேசையை ஒரு தபால் அட்டை அளவு இறக்கி, ஃபியூசைத் திரும்பப் போட்டேன். பக்கத்துக் கடை தையல்காரம்மா வந்து பின்னால் வாங்கிக்கொள்ள, பலகைகளை ஓட்டினேன். இரண்டைச் சேர்த்து நிறுத்தியபோது எங்கேயும் இடைவெளி இல்லை. அழுகை வந்தது. அழுதுவிட்டுப் பசை பூசினேன்.

மாலையில் இருவரும் வந்தார்கள். கிளாம்புக்குள் இருந்த பலகையை அண்ணன் குனிந்து பார்த்தார், இவரும் குனிந்து பார்த்தார். மேசைகளுக்கு அடியில் தகடுகள் இல்லாததையும் பார்த்தார்கள். சித்தப்பா அங்கே சொல்லியிருந்த தீர்ப்பு இது: "விட்டுக் கொடுத்தவன் கெட்டுப் போறதில்ல. எவன் மொதல்ல எறக்கறானோ அவன்தான் பெரிய மனுஷன்." பெரிய மனுஷன் ஆகும் ஆசை இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

"காலையில கிளம்பறதுக்கு முன்னாடியே நான் தகட்டை எடுத்துட்டேன் மாப்பிள்ளை. சொல்லிக்கல" என்றார் அண்ணன்.

"நானும்தான் மச்சான். எதுக்கு விளம்பரம்னு விட்டுட்டேன்" என்றார் இவர்.

தான் சொன்னது பொய் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் மற்றவர் சொன்னது நிஜம் என்று இருவரும் நம்பினார்கள். என் கண்ணெதிரே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் கண் கலங்கியது. பசைக் கையோடு நின்ற என்னைப் பார்த்து, "டீ போடும்மா" என்றார் இவர்.

நான் டீ போட்டேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லாததற்கு இன்னும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

பத்து நாள் கழித்து நூலகத்து அம்மா வந்தார். மேசை மேல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். ஒட்டு எங்கே என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மெஷினை மட்டம் பார்த்து வச்சது யாரு? மீதி ஆறையும் அவங்களே கவனிக்கணும். போன தடவை வேற கடையில, மெஷினைப் பார்த்துக்கிட்டவர் வேலைய விட்டுப் போனதும் எல்லாம் கோணலாயிடுச்சு" என்றார்.

"முன் மேசை நான், பின் மேசை மாப்பிள்ளை" என்றார் அண்ணன். இவர் அடக்கமாகச் சிரித்தார்.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

"சும்மா இரும்மா" என்றார் இவர். "அவ பசை பூசறதோட சரிங்க" என்றார் அண்ணன். "மெஷின் பக்கமே விடறதில்ல" என்றார் இவர். "ஆபத்து பாருங்க" என்றார் அண்ணன். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். ஃபியூசைப் பிடுங்கி மடியில் போட்டேன். இரண்டு மேசைகளின் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். பித்தளைத் துண்டை உருவினேன். அண்ணன் மேசை முனையில் தொங்கியது.

"சரிண்ணா, இப்ப வச்சுக் காட்டுங்க" என்று ஸ்பானரை நீட்டினேன்.

நூலகத்து அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் ஸ்பானரை வாங்கி, ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு இவரிடம் கொடுத்தார். "மொதல்ல நீங்க வைங்க மாப்பிள்ளை."

"அது மரியாதை இல்ல மச்சான். பெரியவர் நீங்க இருக்கீங்க" என்று இவர் திருப்பிக் கொடுத்தார்.

"பரவால்ல, சொல்றேன்ல."

"ஐயோ, நீங்க வைங்க."

யார் மேசை உயர்ந்தது என்று மூன்று மாதம் முட்டிக்கொண்டவர்கள் அந்த ஸ்பானரை நாலு தடவை கை மாற்றினார்கள். நேர்க் கம்பி சுவரில்தான் சாய்ந்திருந்தது. இருவரில் ஒருவர்கூட அதன் பக்கம் திரும்பவில்லை. அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் என் கணவர் என் பக்கம் வந்து, நூலகத்து அம்மாவுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினார்.

"ஏம்மா, இதுல எந்த போல்ட்டை மொதல்ல இறுக்கணும்?"

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க, அண்ணனும் காதைக் கொண்டுவந்தார்.