மைனோ பேசுவது ஹிந்தி இல்லை

1

ஒரு வாரப் பத்திரிகை கேட்டதால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பயணச் சிறப்பிதழாம். வேறு நாடு, வேறு மொழி, அங்கே போய் மனசு மாறிய ஒருத்தி. கொஞ்சம் காதல் இருந்தாலும் நல்லது என்றார் உதவி ஆசிரியர். நான் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போனதில்லை. என் தங்கை பிரின்சி போயிருக்கிறாள், ஒடிசாவுக்கு, ஒரு கல்யாணத்துக்கு. வெளிநாடு இல்லையே என்று இழுத்தார். இதைத்தான் எழுதுவேன் என்றேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'ரயில் ஜன்னலுக்கு வெளியே புதியதோர் உலகம் விரிந்து

நிறுத்திவிட்டேன். பிரின்சிக்கு ஜன்னலே கிடைக்கவில்லை. பாலசோர் வரைக்கும் கழிவறைப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்துதான் போனாள்.

2

ஏன் போனாள் என்று சொல்லவேண்டும். சிப்காட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பக்கத்தில் நின்று மூடி பொருத்துகிறவள் மைனோ. கம்பெனியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வடக்கிலிருந்து வந்த எல்லாப் பெண்களுக்கும் அங்கே ஒரே பெயர்: ஹிந்தி. பிரின்சியும் ஆரம்பத்தில் அப்படித்தான் கூப்பிட்டாள். பிறகு ஒன்றாகச் சாப்பிட்டு, சிரித்து, மைனோவிடமே ஹிந்தி கற்றுக்கொண்டாள். அவ பாஷையைக் கத்துக்கினேன் என்று வீட்டில் ஒரே பெருமை.

மைனோவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நீ வரணும் என்றாள். சூப்பர்வைசர் தணிகைவேல் லீவு தர மறுத்தார். போனால் லைனில் இடம் இருக்காது என்றார். எங்கள் அம்மா அழுதாள். தெரியாத ஊர், தெரியாத ஜனம், தனியாகப் பெண்பிள்ளை.

"அவ அங்கர்ந்து இங்க தனியாத்தான வந்தா?" என்று கேட்டாள் பிரின்சி.

 இவள் கிளம்பிவிட்டாள்.

3

பாரிபதாவிலிருந்து பஸ், அப்புறம் நடை. வீட்டு வாசலில் மைனோவின் அம்மா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, பிரின்சியின் காலைத் தொட்டுக் கழுவினார். விருந்தாளிக்கு அங்கே அதுதான் முறை. பிரின்சி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். அந்த அம்மா விடவில்லை.

(இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதெல்லாம் வேணாங்க்கா என்றாள் பிரின்சி. ஒரு வரியை மட்டும் பிடிவாதமாக வைத்திருக்கிறேன்: அப்பா கூலிக்குப் போன வீடுகளில் தண்ணீரை உயரத் தூக்கிக் கையில்தான் ஊற்றினார்கள்.)

பிரின்சி தன் ஹிந்தியில் நன்றி சொன்னாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அத்தைகளுக்கும் புரியவில்லை. மைனோ விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் மொழி சந்தாலி, பள்ளிக்கூடத்தில் ஒடியா, ஹிந்தியை நானும் கும்மிடிப்பூண்டி ஹாஸ்டலுக்கு வந்துதான் ஒழுங்காகப் பேசக் கற்றேன் என்றாள். இத்தனை நாளும் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே பிரின்சி சந்தாலி கற்க ஆரம்பித்தாள். தண்ணீருக்கு 'தாக்', சோற்றுக்கு 'தாகா'. தாகத்தில் ஒரு எழுத்தை நீட்டிவிட்டாள் போலிருக்கிறது. தட்டு நிறையச் சோறு வந்தது. வேண்டாம் என்பதற்கு வார்த்தை தெரியாமல் முழுவதையும் சாப்பிட்டாள்.

கல்யாணத்தில் பெண்கள் கைகோத்து வரிசையாக ஆடினார்கள். இவளையும் இழுத்துக்கொண்டார்கள். யாரோ இவளை மதராசி என்றார்கள். பிரின்சி கையை உதறினாள். நான் மதராசி இல்லை, எனக்குப் பெயர் இருக்கிறது, நான் பேசுவது தமிழ் என்று தெரிந்த ஹிந்தியில் கத்தினாள். எல்லாம் ஒன்றுதானே என்று ஒருவர் சமாதானம் சொன்னார்.

மைனோ மணக்கோலத்தில் உட்கார்ந்தபடி பிரின்சியைப் பார்த்தாள்.

[அந்தப் பார்வையை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலையும் அடித்துவிட்டேன்.]

4

திரும்பி வந்தபோது ஆள் பற்றாக்குறை. தணிகைவேல் முறைத்துவிட்டு லைனில் சேர்த்துக்கொண்டார். பிறகு மைனோவும் புருஷனோடு வந்து சேர்ந்தாள். முதல் நாளே தணிகைவேல் அவளை 'ஏய் ஹிந்தி' என்று கூப்பிட்டார்.

"அவ பேரு மைனோ சார். அவ பேசறது ஹிந்தியும் இல்ல, சந்தாலி" என்றாள் பிரின்சி.

"எல்லாம் வடக்கத்தி பாஷதான. இன்னா பெரிய வித்தியாசம்?"

தணிகைவேலுக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. ஆந்திர எல்லை என்பதால் பேச்சில் தெலுங்கு 'நைனா' வந்து விழும். அதற்காக யாராவது கிண்டல் செய்தால் அவருக்கு ஆகாது. அது லைனில் எல்லோருக்கும் தெரியும்.

"உங்கள நாங்க தெலுங்குன்னு கூப்ட்டா திரும்புவீங்களா சார்?"

அன்று மதியமே பிரின்சியை லோடு ஏற்றும் யார்டுக்கு மாற்றிவிட்டார். இப்போதும் அங்கேதான், வெயிலில் நிற்கிறாள்.

5

இதுவரை படித்த உதவி ஆசிரியர், அன்புக்கு மொழி தேவையில்லை என்று முடித்துவிடுங்கள், அருமையாக இருக்கும் என்றார். இல்லையென்றால் சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்கட்டும். இரண்டையும் பிரின்சியிடம் சொன்னேன்.

"அவரு எங்கக்கா மன்னிப்பு கேட்டாரு?" என்றாள். "மொழி தேவையில்லன்னும் எழுதாத. தேவப்பட்டுச்சி. எனக்குத் தெரியல, அவ்ளோதான். இப்ப கத்துக்கினு வர்றேன்."

ஆகவே நேற்று நடந்ததை எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன். தணிகைவேல் 'ஹிந்தி' என்று கூப்பிட்டிருக்கிறார். மைனோ திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்த லைனில் அசாம்காரி இருக்கிறாள், வங்காளி இருக்கிறாள், இரண்டு பேர் பீகார். அவர்களும் திரும்பவில்லை. மூடியில்லாத டப்பாக்கள் குவிந்து, சரிந்து, தரையில் உருண்டன. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். யார்டிலிருந்து பிரின்சி எட்டிப் பார்த்தபோது உள்ளே அப்படியொரு அமைதி.

தணிகைவேல் மைனோவின் முன்னால் வந்து நின்று வாயைத் திறக்கிறார்.

என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதை நான் எழுத மாட்டேன். பத்திரிகை கேட்டாலும் தர மாட்டேன். நீங்கள் கூப்பிடுங்கள். அவள் பெயர்தான் உங்களுக்குத் தெரியுமே.