கென்யாத் துரையின் கூடாரங்கள்

குளியல் தொட்டிதான் முதலில் மலையேறியது. தகரத்தில் செய்த அந்தப் பெரிய தொட்டியை இரண்டு மூங்கில்களில் கட்டி நான்கு பேர் தோளில் வைத்துத் தூக்கிப் போனார்கள். பின்னால் கூடையோடு நடந்த பங்களாச் சமையல்காரன் றோலண்ட், "கோவிந்தா போட்டுக்கிட்டே போங்கடா, பாரம் தெரியாது" என்றான். தூக்கியவர்கள் சிரித்ததில் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

பெருங்கல் தோட்டத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு புல்வெளி உண்டு. கொழுந்து லொறி பாதி மலை வரைக்கும் போகும். மிச்சத்துக்கு ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பாதையில் அந்த வாரம் கட்டில்களும் கம்பளங்களும் பீங்கான் தட்டுகளும் ஒரு கிராமபோனும் ஏறிப் போயின. எல்லாம் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் விருந்தாளிக்காக. அவர் கென்யாவில் காட்டு நடுவே கூடாரம் போட்டு, சீமையிலிருந்து வரும் பணக்காரர்களைத் தங்கவைத்து, சிங்கத்தையும் யானையையும் காட்டிப் பிழைத்தவர். அங்கே கலவரம் மூண்டதும் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அதே தொழிலை இந்த மலையில் நடத்த முடியுமா என்று, சில வெள்ளைக்கார விருந்தாளிகளோடு மூன்று நாள் முகாம் போட்டுப் பார்க்க வந்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவருக்குக் கென்யாத் துரை என்று பெயர் விழுந்தது.

கூடாரம் என்றதும் ஆட்கள் நினைத்தது, ரோட்டு வேலைக்காரர்கள் மழைக்குக் கட்டிக்கொள்ளும் தார்ப்பாயை. எழும்பி நின்றதோ வீடு. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பரா இரண்டை ஒன்றாக்கினால்கூட அந்த அகலம் வராது. உள்ளே கம்பளம், கண்ணாடி வைத்த மேசை, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், கட்டிலுக்கு மேலே கொசுவலை.

"இந்தக் குளிருக்குக் கொசு எங்கண்ணே இருக்கு?" என்று அழகன் கேட்டான்.

"கென்யாவுல இருக்காம்டா. தொரைய தேடிக்கிட்டு இங்கயும் வந்துட்டா?" என்றான் றோலண்ட்.

அழகன் தோட்டத்தின் மேற்பிரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தப்பு என்கிற பறையை அடிக்கும் தோட்டத்துத் தப்புக்காரனும் அவனே. விடியுமுன் அவன் அடிக்கும் பெரட்டுத் தப்பில்தான் ஆட்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் அவன்தான் அடித்தான். சாவுக்கும் அவன்தான். சாவுத் தப்பு கேட்டால் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்தைப் பார்க்கத் திரும்புவார்கள். அன்றைக்கு வேலை அதோடு சரி. அதைக் கேட்ட பிறகு யாரும் எதற்கும் தாமதிப்பதில்லை.

காட்டுக்குள் கிடக்கும் மரை மான்களைக் கலைத்து விருந்தாளிகளின் துப்பாக்கிகளுக்கு முன்னே கொண்டுவர வேண்டும் என்று அழகனையும் தப்போடு மேலே வரச் சொல்லியிருந்தார்கள். கூடவே கூச்சல் போட்டுக் கலைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவன் சூசை, லொறி ஓட்டும் யேசுரட்ணத்தின் தம்பி. முகாம் கலையும் வரை யாரும் லயத்துக்கு இறங்கக் கூடாது என்பது உத்தரவு.

அழகன் புறப்பட்டபோது அவனுடைய ஐந்து வயது மகள் பவளத்துக்கு இருமல் இருந்தது. மழைக்காலத்தில் இருமல் இல்லாத பிள்ளை லயத்தில் ஏது? முகாமின் இரண்டாம் நாள் காலையில் பால் கொண்டுவந்தவன் வேறு மாதிரிச் சொன்னான்.

"புள்ளைக்கு மூச்சு இழுக்குது அழகா. நெஞ்சு குழி விழுகுது. காளியாயி ஒன்னைய வரச் சொல்லி அழுவுது."

அழகன் நேரே சமையல் கூடாரத்துக்குப் போனான். றோலண்ட் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பெரிய துரையிடம் போய்ப் பேசினான். திரும்பி வரும்போது அவன் நடையிலேயே பதில் தெரிந்தது.

"டாக்டரையா இருக்காருல்ல, அவரு பாத்துக்குவாருங்கறாரு. நாளைக்கு எல்லாரும் எறங்குறதுதானேங்கறாரு."

"நாளைக்கு வரைக்கும் எப்படிண்ணே?"

"கொஞ்சம் பொறு. நேரம் பாத்து மறுபடி கேக்குறேன்."

காலையில் கலைத்தார்கள். தப்புச் சத்தத்துக்கும் கூச்சலுக்கும் மரை ஒன்றும் வெளியே வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிப் புல்வெளியை மூடிக்கொண்டது. துப்பாக்கிகள் உறைக்குள் போயின. விருந்தாளிகள் ஐந்தாறு பேர் தீ மூட்டச் சொல்லி அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கிராமபோனில் ஈரம் ஏறி அது இழுத்து இழுத்துப் பாடியது. அதை நிறுத்திவிட்டுக் கென்யாத் துரை தப்பைக் கேட்டார். அவருடைய முகாமில் பொழுது சாயும்போது அந்த ஊர் ஆட்கள் வந்து முரசு கொட்டுவார்களாம். அதைக் கேட்கத்தான் விருந்தாளிகள் திரும்பத் திரும்ப வருவார்களாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. அழகனுக்கு முதலில் ஒரு குவளை தேநீர் கொடுக்கச் சொன்னார்.

அழகன் தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சினான். பெரட்டு அடி அடித்தான். காவடி அடி அடித்தான். காமன் கூத்து அடிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். வேறென்ன இருக்கிறது என்று கென்யாத் துரை கேட்டார். றோலண்ட் வாய் தவறினான் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னான்: சாவுக்கு ஒன்று இருக்கிறது.

கென்யாத் துரை நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"அது வேணாங்க" என்றான் அழகன். "எழவு விழாம அத அடிக்கிறதில்லீங்க."

பெரிய துரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத் துரைமார்களின் தமிழ். "அழகன், அது அடி. ஒண்ணும் வராது" என்றார். அழகன் குனிந்தபடி நின்றான். றோலண்ட் தட்டை எடுக்கிற சாக்கில் துரைப் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ பேசினான். பிறகு அழகனிடம் வந்தான்.

"அடிச்சேன்னா இப்பவே எறங்கிப் போவலாமாம். தொர வாயால சொல்லிட்டாரு. யோசிக்காத. புள்ளைய நெனச்சுக்க."

அழகன் தப்பை மறுபடி தீயில் காட்டினான். தேவைக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று அடித்தான். பனி முகத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. கலைக்க வந்து தூரத்தில் குந்தியிருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். சூசை சிலுவை போட்டுக்கொண்டான். விருந்தாளிகளும் இந்த முறை கைதட்டவில்லை. இந்த அடிதான் எல்லாவற்றிலும் நல்லதென்று கென்யாத் துரை தாழ்ந்த குரலில் சொன்னார்.

அடித்து முடித்ததும் பெரிய துரை கையை அசைத்தார். போகலாம். றோலண்ட் பாதியாகிப்போன ஜாம் போத்தல் ஒன்றை அழகனின் மடியில் திணித்தான். "புள்ளைக்குக் குடு. தொட்டு நக்கட்டும்." அழகன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓட்டமும் நடையுமாக இறங்கினான்.

பனி மூடும் நாட்களில் மலையில் சத்தம் வெகுதூரம் போகும்.

கீழே மேற்பிரிவு லயத்து வாசலில் அந்நேரம் லொறி நின்றிருந்தது. டாக்டரையா காலையிலிருந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, இது தன் கையில் இல்லை, டவுனில் உள்ள பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கவைக்கலாம் என்று சொல்லிவிட்டார். முகாமுக்குச் சாமான் ஏற்றப் போயிருந்த லொறியை ஆள் விட்டுத் திருப்பி எடுத்திருந்தார்கள். காளியாயி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்பளிக்குள் பவளம். யேசுரட்ணம் எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றப்போன நேரத்தில் மேலேயிருந்து அது கேட்டது.

லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சந்தேகப்பட ஒன்றுமில்லை. மலையில் சாவுத் தப்பு அடிக்கிறது. துப்பாக்கிகள் இருக்கிற இடம், பனி மூடிய நேரம், காட்டுக்குள் தோட்டத்து ஆட்கள்.

"யாரோ சுடுபட்டுட்டான்" என்றது ஒரு குரல். ஒரு பெண் அப்போதே அழத் தொடங்கினாள்.

காளியாயி காதைக் கொடுத்துக் கேட்டாள். "அடிக்கிறது எம் புருசன் கைதான்" என்றாள். அவளுக்கு அது தெரியும். அடிக்கிறவன் உயிரோடு இருக்கிறான். அப்படியென்றால் வேறொருத்தி புருஷன், வேறொருத்தி பிள்ளை.

யேசுரட்ணம் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். தம்பி மேலே இருக்கிறான். மலையைப் பார்த்தான், லொறிக்குள் பார்த்தான்.

"எறங்கிக்கிறேன்ணே" என்றாள் காளியாயி. "ஒங்க தம்பி எப்படியிருக்கோ. போயிப் பாத்துட்டு வந்துருங்க. உசுரு இருந்தா அந்த ஆளையும் ஒண்ணாவே ஏத்திக்கிட்டுப் போவலாம்."

"சுருக்கா வந்துர்றேன் தங்கச்சி. இந்தா வந்துர்றேன்."

அவனை யாரும் தடுக்கவில்லை. டாக்டரையாகூட, மேலே தேவைப்படும் என்று பஞ்சையும் கட்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு லொறியில் ஏறினார். ஆண்கள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். காலியாகக் கிடந்த சாக்குக் கட்டில் ஒன்றையும் பிணம் கொண்டுவரத் தூக்கிப் போட்டார்கள். ஒரு வாரமாகக் கட்டில்களும் தொட்டியும் ஏற்றிப் போனதில் பாதை குழைந்து கிடந்தது. மூன்றாம் வளைவில் பின்சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கி, லொறி சாய்ந்து நின்றுவிட்டது. ஆண்கள் லொறியை விட்டுவிட்டு மேலே ஓடினார்கள்.

அழகன் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் பெண்கள் மட்டும் கூடியிருந்தார்கள். அவனைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாரு? யாருன்னு சொல்லு!"

"என்னா யாரு?"

"மேல செத்தது யாரு?"

"யாரும் சாவலியே" என்றான் அழகன். "தொர கேட்டாரு. அடிச்சேன்."

ஒருத்தி அவனைத் தோளில் அடித்தாள். இன்னொருத்தி மாரியம்மனைக் கும்பிட்டாள். புருஷன்மார் உயிரோடிருக்கிறார்கள் என்ற நிம்மதியில் இரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். பிறகுதான் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். அவனுடைய காம்பராக் கதவு சாத்தியிருந்தது.

"லொறி வரும் வரும்னு பாத்துச்சு. புள்ளைக்கு ஒதடு நீலம் பூத்துருச்சு. தூக்கிக்கிட்டு டவுனுக்கு நடந்துருச்சு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

அழகன் தப்பைக் கழற்றி வைக்கவும் நினைக்காமல் ஓடினான். தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, தலவாக்கலை ரோட்டில் ஏறும் இடத்தில் மதகுக் கட்டின் மேல் காளியாயி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ரோட்டில் போன பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தது. ஏற வேண்டிய அவசியம் இல்லையென்று அவளே கையைக் காட்டியிருந்தாள். கம்பளியைப் பிள்ளையின் முகம் வரைக்கும் இழுத்து மூடியிருந்தாள்.

அவன் பக்கத்தில் போய் நின்றான். ஓடி வந்ததில் மடியிலிருந்த ஜாம் போத்தலின் மூடி கழன்று, வேட்டியெல்லாம் சிவந்திருந்தது. காளியாயி முதலில் அதைத்தான் பார்த்தாள். "ஒங்களுக்கா அடிபட்டுச்சு?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பவளத்தை அடக்கம் செய்தார்கள். சின்னப் பிள்ளைகளின் சாவுக்குத் தப்பு அடிக்கிற வழக்கம் தோட்டத்தில் இல்லை. யேசுரட்ணம் குழி வெட்டினான். மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. சூசை தூரத்தில் நின்றான். அதே காலையில் ஒற்றையடிப் பாதை வழியாகத் தொட்டியும் கட்டில்களும் இறங்கின. பனிதான் அதிகம், மிருகம் இல்லை, இந்த இடம் சரிப்படாது என்று கென்யாத் துரை சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். செய்தி கேட்டு அவர் வருத்தப்பட்டார். முகாமில் கட்டிலில் விரித்திருந்த கம்பளி ஒன்றை றோலண்டிடம் கொடுத்து அனுப்பினார். றோலண்ட் அதைக் காம்பரா வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்கடுத்த நாள் அழகன் வழக்கம்போல் முன்னதாக எழுந்து அடுப்பை மூட்டித் தப்பைக் காய்ச்சினான். காளியாயி சுவரோரம் உட்கார்ந்து அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதகிலிருந்து எழுந்ததற்குப் பிறகு அவள் அவனிடம் பேசியிருக்கவில்லை.

"எழவு விழாம அடிக்க மாட்டீங்களே" என்றாள். "அன்னைக்கி எதுக்கு அடிச்சீங்க?"

அழகன் தப்பைத் தீயிலிருந்து எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தான். இன்னும் சூடேற வேண்டும். மறுபடி காட்டினான்.

"அடிச்சா எறக்கி விடுறேன்னாங்க" என்றான். "புள்ளகிட்ட வரத்தான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே எங்கோ ஒரு கதவு திறந்தது. தப்பு கேட்காததால் யாரோ எழுந்து பார்க்கிறார்கள். அழகன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெரட்டு அடிக்க வாசலுக்குப் போனான்.