கறுப்பேரிக்கு இரண்டு வழி

மழை விட்டிருந்தது. மேகம்தான் போகவில்லை. எங்கள் டிரோல் மலைப் பள்ளத்தாக்கில் ஜூலை மாத மேகம் அப்படித்தான், கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி சன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எதிரே இருக்கும் மாட்டுக் கொட்டகைகூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் என் சமையலறை மட்டும் எங்கோ மிதந்து போவது போலிருந்தது.

மேசைமேல் ஸ்வொபோடா சார் மலை வரைபடத்தை விரித்து, மூலைகளில் என் உப்பு ஜாடியையும் வெண்ணெய்க் கிண்ணத்தையும் தூக்கி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர், முழுப் பெயர் ஓட்டோகர் ஸ்வொபோடா. வியன்னாவில் கோர்ட்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் வாயைத் திறக்கமாட்டார்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடணும், லைட்னரம்மா. உச்சிவெயிலுக்கு முன்னாடி ஏரியை விட்டு எறங்கணும். மத்தியானம் ஆனா இடி இறங்கும்."

"இடியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா சார்? நான் இடி நடுவுல பொறந்தவ."

"அதான் பேசும்போது கேக்குதே," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் 'நீங்க' என்று கூப்பிடுவதில்லை. பாதிரியாரைக்கூட 'நீ' என்றுதான் சொல்வோம். இவருக்கு மட்டும் 'நீங்க' போட்டது நான்தான். வந்த முதல் வாரமே, மாட்டு மணிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, ராத்திரி கழற்றி வைக்க முடியுமா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு முன்னாடியே மாடு இங்க இருக்கு, சார்," என்றேன். அந்த 'உங்களுக்கு' அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருஷம். நடுவில் என் கூரைமேல் இருந்த பனியைத் தள்ளிவிட்டார், நான் காய்ச்சலில் கிடந்தபோது மாட்டுக்குப் புல் போட்டார், மணிச் சத்தம் இல்லாவிட்டால் இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை என்றும் ஒருநாள் சொன்னார். ஆனாலும் 'நீங்க', 'சார்', 'லைட்னரம்மா'.

அவர் ஊர் மரியாதைப்படி, பெண்தான் முதலில் 'நீ என்றே கூப்பிடுங்கள்' என்று சொல்லவேண்டும். எனக்கு எங்கே வாய் வந்தது? வேண்டாம் என்று அவர் ஒதுங்கிவிட்டால் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது? கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆன எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல வெட்கம் என்ன, அவரிடம் சொல்லத்தான் வெட்கம்.

அதனால்தான் மலைமேல் இருக்கும் கறுப்பேரிக்குப் போகும் இந்தத் திட்டம். மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேய்ச்சல் நிலம் முடிகிற இடத்தில் ஒரு வேலி இருக்கிறது, மேல்வேலி என்போம். அதைத் தாண்டிவிட்டால் அமைச்சரே வந்தாலும் 'நீ'தான். பாறையில் வழுக்குகிறவனிடம் 'கையைக் கொடுங்க' என்று மரியாதை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அங்கே ஒருமுறை 'நீ' ஆகிவிட்டால் கீழே இறங்கிய பிறகும் 'நீ'தான். ஏரியைப் பார்க்க ஆசை என்று இவரிடம் சொல்லியிருந்தேன். ஆசை வேலிமேல்.

வரைபடத்தில் விரலை வைத்து நடந்தேன். ஊசியிலைக் காடு, ஈர வாசனை. பிறகு புல்வெளி. விரல் மேல்வேலிக்கு வந்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு இரும்புக் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டிய பாறை, கோடையிலும் கரையாத பனித்திட்டு, கடைசியில் நகத்தளவு நீலம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மேகமே தண்ணீருக்குள் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கரையில் இன்னொருவர் உட்கார்ந்து என் பெயரைச் சொல்வார். நோட்புர்கா. அவர் வாயில் அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தால், சார் பென்சிலால் மேற்குச் சரிவில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படிப் போகலாம்னு பாக்கறேன். உங்க முட்டிக்கு இது நல்லது."

"அது அடுத்த ஊர்க்காரங்க பக்கம். எங்க ஆளுங்க யாரும் அங்க கால் வைக்கமாட்டாங்க."

"ஏன்?"

"எங்க தாத்தா காலத்துல காளை ஒண்ணு ஓடிப்போச்சு. திருப்பித் தரல."

"காளை இன்னுமா உயிரோட இருக்கும்?"

சிரிப்பு வரவில்லை. அந்த வழியில் எங்கள் மேல்வேலி கிடையாது. அதாவது, வேலியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார். ஏரி வரை போய் 'லைட்னரம்மா, தண்ணி நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பார்க்கிறார்.

"நான் வந்தா கெழக்கு வழியிலதான் வருவேன். இல்லன்னா நீங்க தனியாப் போய்ட்டு வாங்க."

"அது ரொம்பச் செங்குத்து."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

அடுப்புப் பக்கம் திரும்பி, சூப்பில் வெந்துகொண்டிருந்த ரொட்டி உருண்டைகளைத் தேவையே இல்லாமல் கிளறினேன். வாசலில் அவருடைய பூட்சு கண்ணில் பட்டது. எப்போதும் பளபளக்கும் அது கணுக்கால்வரை சேறாக இருந்தது.

"நேத்து மழையில எங்க சுத்தினீங்க?" என்றேன், கோபத்தை அதன்மேல் காட்டி.

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

"மேற்குப் பக்கந்தான் போனேன். அவங்களுக்கும் மேல்வேலி இருக்கு. அங்க மாடு மேய்க்கிறவர்கிட்ட விசாரிச்சேன், அதே வழக்கந்தானாம்."

"இருந்துட்டுப் போகட்டும். அதுக்கென்ன இப்ப?"

"உங்க வழியில வேலிக்குப் போகவே நாலு மணி நேரம் ஆகும். இதுல ஒரு மணி நேரம்." அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. "பதினோரு வருஷம் ஆயிடுச்சு, லைட்னரம்மா. ஒரு மூணு மணி நேரமாவது குறையட்டுமேன்னு பாத்தேன்."

மேகம் சன்னலில் அப்படியே இருந்தது. கிண்ணத்தில் சூப்பை ஊற்றினேன். கொண்டுபோய் அவர் முன்னால், வரைபடத்தின் மேலேயே, வைத்தேன்.

"ஆறிடப் போகுது. சாப்பிடு, ஓட்டோகர்."

அவர் கரண்டியை எடுக்கவில்லை. ரப்பரை எடுத்து, மேற்குச் சரிவில் போட்ட கோட்டை ஓரம்வரை பொறுமையாக அழித்தார். தூளை உள்ளங்கையில் கூட்டி எடுத்துக்கொண்டார்.

"அப்ப உன் வழியிலயே போகலாம், நோட்புர்கா," என்றார். "இனிமே என்ன அவசரம்."